கொறங்காட்டுச் சரளையை வழிக்க வேண்டாம்

ஜாலஹள்ளி, பெங்களூரு
ஐப்பசி 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். பேத்தி எல்கேஜி போகிறாள், வீட்டில் தமிழும் வாசலில் கன்னடமுமாகப் பேசுகிறாள்.

மாடு மேய விட்டிருக்கும் கொறங்காட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஜேசிபிக்காரருக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லையே? கொடுக்காதே. "கல்லை வழிச்சுட்டு ரெண்டடிக்குக் குளத்து வண்டலக் கொட்டுனாத் தென்னை வெச்சரலாமுங்க" என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தாய். கூடவே நீயும் "உப்புக்கும் பெறாத மண்ணுதானே" என்று எழுதிவிட்டாய். அந்த வரிதான் நாலு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஹெசரகட்டாவுக்குப் போனேன். 1894இல் அர்க்காவதி ஆற்றை மறித்து பெங்களூருக்குக் குடிநீருக்காக ஏரி கட்டினார்களே, அந்த ஊர்தான். ஏரியை ஒட்டிப் பெரிய புல்வெளி இருக்கிறது. முதல் நாள் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் அடைமழை. எங்கள் தெருவில் காலையிலும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அங்கே போய் இறங்கி நடந்தால் செருப்பில் சேறே ஒட்டவில்லை. காலடியில் நறநறவென்று சத்தம். குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தேன், சத்தியமாக நம் காட்டு மண்தான். அதே துருச் சிவப்பு, அதே கூர்முனை வெங்கச்சங்கல் (வெள்ளைக் குவார்ட்ஸ் கல்). ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் அதை 'கரசு' என்றார். நாம் சரளை என்பதற்கு அவர்கள் பேச்சில் அதுதான் சொல். நாம் மேய்க்கால் (ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம்) என்பதை அவர் 'கோமாள' என்றார்.

கொஞ்சம் மண்ணைப் பையில் போட்டு வந்து பழைய சல்லடையில் சலித்தேன். 2 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதெல்லாம் சரளைக் கணக்கு. மூன்று டம்ளர் மண்ணில் ஏறக்குறைய ஒரு டம்ளர் கல்லாகவே மேலே தங்கியது. கீழே விழுந்ததை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். ஒரே நிமிஷத்தில் மணல் அடியில் உட்கார்ந்துவிட்டது, சலித்த மண்ணில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. அதன்மேல் வண்டல் படிய இரண்டு மூன்று மணி நேரம் ஆனது. களிமண் மட்டும் மறுநாள் காலை வரை தண்ணீரைச் சிவப்பாகவே வைத்திருந்து, கடைசியில் பாலாடை போல மெல்லிசாகப் படிந்தது. ஈர மண்ணைப் பிசைந்தால் உருண்டை நிற்கிறது. கட்டைவிரலால் நாடா மாதிரித் தள்ளினால் ஓர் அங்குலம் போவதற்குள் ஒடிகிறது. மணலும் வண்டலும் களியும் கலந்து, மணல் தூக்கலாக இருக்கும் மணல் கலந்த இருமண்பாடு என்பது இதுதான். நீயும் நம் காட்டு மண்ணில் இதைச் செய்து பார்.

லால்பாக்கில் ஒரு பெரிய பாறை இருக்கிறதே, நீ வந்தபோது ஏறி உட்கார்ந்து கடலை தின்றோமே, அந்த 'நைஸ்' (gneiss) வகைப் பாறை இருநூற்றைம்பது கோடி வருஷத்துக்கும் மேல் பழசு. அந்த இனப் பாறை மக்கி மக்கித்தான் இந்த மண் உண்டாகிறது. அதில் ஒரு பகுதி களியாக மாறி, மேட்டு நிலத்தில் மழையோடு வழிந்து பள்ளத்துக்குப் போய்விடும். வெங்கச்சங்கல் மட்டும் கரையாமல் நிற்கும். வயலில் களியும் மேட்டில் சரளையும் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

நீ கல்லைக் குறை என்கிறாய். ஒன்று உண்மை: கல் தண்ணீர் பிடிக்காது. கல் இல்லாத இந்த வகை மண் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் தண்ணீரைப் பயிருக்கு வைத்திருக்கும் என்றால், மூன்றில் ஒரு பங்கு கல்லாக இருக்கும்போது அறுபத்தைந்து சொச்சம்தான். சத்தும் தங்காது. ஆனால் மேலே பரவிக் கிடக்கும் அந்தக் கல்தான் மழைத்துளியின் அடியைத் தாங்குகிறது. அதை வழித்துவிட்டால் செம்மண் மேல் மழை நேராக விழும், காய்ந்ததும் மேலே ஏடு கட்டிவிடும், அடுத்த மழை உள்ளே இறங்காமல் ஓடிவிடும். சித்திரை வெயிலில் அடி ஈரம் சீக்கிரம் ஆவியாகாமல் மூடி வைத்திருப்பதும் அதே கல்தான்.

வண்டல் யோசனை அதைவிட மோசம். சரளை மேல் வண்டலைக் கொட்டினால் தண்ணீர் கீழே சுலபமாக இறங்கிவிடும் என்று தோன்றும். நடப்பது வேறு. நுண்மண் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். முழுக்க ஊறி வழிகிற வரைக்கும் கீழே உள்ள சரளைக்குச் சொட்டுக்கூட விடாது. தென்னையின் வேர் அந்த ரெண்டடித் தொட்டிக்குள்ளேயே சுற்றும். கோடையில் மரத்துக்குத் தினம் ஐம்பது அறுபது லிட்டர் எங்கிருந்து ஊற்றுவாய்? உன் போர்வெல் ஏற்கெனவே இருமுகிறது. வண்டல் நல்ல பொருள்தான், தோட்டத்தில் கொட்டி மண்ணோடு கலந்து உழு. கொறங்காட்டுக்கு வேண்டாம்.

அங்கே புல் இருக்கிறது, மாப்பிள்ளை. உங்கள் அய்யா கொழுக்கட்டைப்புல்லை உழாமல் காத்தாரே, அந்தப் புல்லுக்கு இளக்கமான மண்தான் பிடிக்கும். வேர் ஆள் உயரத்துக்கு இறங்கி ஈரம் தேடும். வருஷா வருஷம் செத்து மக்கும் வேர்தான் இந்த ஏழை மண்ணுக்கு உரம். மேலே காளைகளின் சாணி, வெள்வேல் இலை. சுற்றிலும் முள்கிளுவை வேலி. அவர் ஒரு மூட்டை உரம் போட்டதை நாம் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வேட்டிக் கரையில் ஏழெட்டு ஊசிப்புல் விதைகள். ஒன்றை எடுத்துச் சாப்பாட்டுத் தட்டில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். முறுக்கிக்கொண்டிருந்த கறுப்பு வால் மெல்ல அவிழ்ந்து, கடிகார முள் மாதிரிச் சுற்றியது. காய்ந்ததும் திரும்ப முறுக்கிக்கொண்டது. இப்படி நனைந்தும் காய்ந்துமே விதை தன்னைத் தானே மண்ணுக்குள் திருகிக்கொள்கிறது. பிடிமானத்துக்கு அதற்கு ஓர் இடுக்கு வேண்டும். இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கிற இடுக்கு போதும். பேத்தி மூன்று தடவை தண்ணீர் விடச் சொன்னாள்.

ஹெசரகட்டாவையும் தரிசு என்றுதான் ரொம்ப நாள் சொன்னார்கள். மரம் நட வேண்டும், கட்டடம் கட்ட வேண்டும் என்று பேச்சு வந்துகொண்டே இருந்தது. பறவை பார்க்கிறவர்கள் விடாமல் போராடி, 2024இல்தான் மாநில வனவிலங்கு வாரியம் ஐயாயிரத்துச் சொச்சம் ஏக்கரைப் பாதுகாக்க ஒப்புக்கொண்டது. நம் பழைய பாட்டுக்காரர்கள் இந்த மாதிரி நிலத்தை வன்புலம் என்றார்கள். தரிசு என்பது ரெவின்யூக் கணக்கில் வந்து ஒட்டிக்கொண்ட பேர்.

பணமுடை எனக்குப் புரிகிறது. சின்னவன் காலேஜ் ஃபீஸ் எவ்வளவு குறைகிறது என்று கூச்சப்படாமல் எழுது, நான் பார்த்துக்கொள்கிறேன். கார்த்திகை முதல் வாரம் வருகிறேன். ஒரு பாட்டிலும் சல்லடையும் எடுத்து வை, கொறங்காட்டில் நாலு இடத்தில் மண் எடுத்துப் பார்த்துவிடுவோம். அதுவரை ஜேசிபியை வேலித் தட்டிக்குள் விடாதே.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுக்காரன்