சுகப்பிரசவத்துக்கு யோகா உத்தரவாதமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கர்ப்பகால யோகா பற்றி உங்கள் மகளிர் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘யோகா செய்தால் சுகப்பிரசவம் உறுதி’ என்ற தலைப்புதான் என்னை எழுத வைத்தது. 26 வருடம் பிரசவ அறையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். யோகாவுக்கு நான் எதிரி இல்லை. அந்த ‘உறுதி’யோடுதான் எனக்குச் சண்டை.

யோகா பழகிய பெண்ணை வலி நன்றாகப் பிடித்த நேரத்தில் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவேன். அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு வலியும் ஏறக்குறைய ஒரு நிமிடம் நிற்கும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வரும். பழக்கமில்லாதவர்கள் பயத்தில் வேகவேகமாக மூச்சிரைப்பார்கள். அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து உதடும் விரல் நுனியும் மரத்துப்போகும். சிலருக்கு விரல்களே மடங்கி இறுகிவிடும். “கை இழுக்குது சிஸ்டர்” என்று இன்னும் மிரண்டுபோவார்கள். மூச்சை நிதானமாக, நீளமாக வெளியே விடப் பழகியவளோ கண்ணை மூடி அந்த ஒரு நிமிடத்தைக் கடந்துவிடுவாள். வலி விட்டதும் தாடையும் தோளும் தளர்ந்துவிடும். வலி இல்லாமல் இல்லை, அதோடு அவள் மல்லுக்கட்டுவதில்லை, அவ்வளவுதான்.

ஆய்வும் ஓரளவு இதைத்தான் சொல்கிறது. தலைச்சன் பிரசவத்துக்குக் காத்திருந்த 74 பெண்களை இரு பிரிவாக்கி தாய்லாந்தில் நடத்திய ஆய்வு 2008-ல் வெளியானது. யோகா பழகியவர்களுக்கு வலி குறைவாகத் தெரிந்தது, கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறக்கும்வரையிலான பிரசவத்தின் முதல் கட்டமும் சீக்கிரம் முடிந்தது. சரி. ஆனால் வலியைக் குறைக்கும் பெத்தடின் ஊசி தேவைப்பட்டதிலோ, வலியைக் கூட்ட மருந்து ஏற்றியதிலோ, பிறந்தவுடன் குழந்தையின் நிலையைப் பார்த்துப் போடும் அப்கார் மதிப்பெண்ணிலோ இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கட்டுரைகளில் இந்தப் பாதி எப்படியோ விடுபட்டுப்போகிறது. 74 பேர் என்பதும் சின்ன எண்ணிக்கைதானே.

ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. ஐந்து மாதம் ஒரு வகுப்புகூடத் தவறவிடாமல் யோகா பழகியவள். பாதி ராத்திரி வரை அழகாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு வலிக்குப் பின்னும் மறுபடி ஏறத் தாமதமானது. அவசரமாக சிசேரியன் முடிவானது. ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “நான் ஏதாவது ஆசனத்தைத் தப்பா செஞ்சிட்டேனா சிஸ்டர்?” அவள் ஒன்றையும் தப்பாகச் செய்யவில்லை. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டிருந்தாலும், குழந்தை குறுக்கே கிடந்தாலும், துடிப்பு இறங்கினாலும் எந்த ஆசனமும் அதைச் சரிசெய்யாது. ‘உறுதி’ என்று யாரோ அவளிடம் சொல்லி வைத்ததால் வந்த கேள்வி அது. குழந்தை நன்றாகப் பிறந்து வீறிட்டு அழுதது. அவள் முகம் தெளிய மூன்று நாளானது.

இன்னொன்று. கர்ப்பத்தில் மூட்டுத் தசைநார்கள் வழக்கத்தைவிடத் தளர்வாக இருக்கும். உடம்பு நன்றாக வளைகிறதே என்று எல்லைவரை இழுத்தால் அப்புறம் இடுப்பு மூட்டுதான் அவதிப்படும். கபாலபாதி (வயிற்றை வெட்டி இழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் பயிற்சி), மூச்சை அடக்குதல், வயிற்றை அழுத்தித் திருகும் ஆசனங்கள், கொதிக்கும் அறையில் செய்யும் யோகா எல்லாவற்றையும் பிரசவம் முடியும்வரை ஒதுக்கிவைக்கலாம். ரத்தக்கசிவு, நீர்க்கசிவு, தலைசுற்றல், குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது தெரிந்தாலும் பாயைச் சுருட்டிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

கடைசியாக, கட்டுரையோடு வந்த அந்தப் படம். எட்டு மாத வயிற்றோடு ஒரு பெண் சவாசனத்தில் மல்லாந்து படுத்திருக்கிறாள். ஐந்து மாதத்துக்கு மேல் அப்படியே நெடுநேரம் கிடந்தால் கர்ப்பப்பையின் எடை முதுகெலும்பை ஒட்டிப் போகும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். சிலருக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். அடுத்த முறை அந்தப் பெண்ணை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை கொடுத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்