முன் பிரேக்

தம்பி,

பசியாறினாயா? போன ஞாயிறு நீ வீடியோவில் பேசியதிலிருந்து அம்மாவுக்கு நிம்மதி. பிள்ளை மெலிந்துவிட்டான் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேறொன்றும் அவள் கவனிக்கவில்லை.

நான் எழுதுவது மோட்டார் சைக்கிள் விஷயமாக. முன் பிரேக் பேட் ஒரு ஜோடி பஸ்ஸில் போட்டு அனுப்பியிருக்கிறேன். முறுக்கு டின்னுக்கு அடியில் இருக்கும். முறுக்கு எண்ணெய் படக்கூடாதென்று மூன்று பை போட்டுக் கட்டியிருக்கிறேன். எண்ணெய் குடித்த பேட் பிடிக்காது, தூக்கித்தான் போட வேண்டும்.

இந்த வாரமே மாற்றிவிடு. தினமும் பெடரல் நெடுஞ்சாலை மோட்டார் பாதையில் ஷா ஆலம் போய் வருகிறாய். சாயங்கால மழைக்கு அந்தப் பாதையின் வளைவுகளில் மணலும் தண்ணீரும் கிடக்கும். பிரேக் பிடித்ததும் பாரமெல்லாம் முன் சக்கரத்துக்கு வந்துவிடும். வண்டியை நிறுத்துவதே முன் பிரேக்தான்.

பேட்டைப் பிடித்திருக்கும் கேலிப்பரைக் கழற்றியதும் பிஸ்டனை அப்படியே உள்ளே தள்ளாதே. வெளியே தெரியும் பகுதியைச் சோப்புத் தண்ணீரும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவு. அழுக்கோடு தள்ளினால் ரப்பர் சீல் போய்விடும். தள்ளும்போது மேலே டப்பாவில் பிரேக் எண்ணெய் ஏறும். மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே மெதுவாகத் தள்ளு. பெட்ரோல் டேங்கில் சொட்டினால் பெயிண்டைத் தின்றுவிடும், உடனே தண்ணீர் ஊற்று. பேட் இரண்டையும் சேர்த்தே மாற்று. முடிந்ததும் ஏறி உட்கார்ந்துவிடாதே. முதல் அமுக்கில் லீவர் கைப்பிடி வரைக்கும் வரும், பிரேக்கே இருக்காது. பத்துப் பதினைந்து தடவை அமுக்கு. கல்லு மாதிரி ஆன பிறகுதான் ஸ்டார்ட். முதல் 200 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டு, புதுப் பேட் டிஸ்கோடு பழக வேண்டும்.

பன்னிரண்டு வயதில் எனக்கு டார்ச் பிடித்தவன் நீ. எந்த போல்ட்டுக்கு எந்த ஸ்பானர் என்று கேட்காமலே எடுத்து நீட்டுவாய். இன்று அங்கே ஒரு லைனுக்கே பொறுப்பாக இருக்கிறாய், கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஆனால் அப்பாவுக்கு போன் போட்டு ஒரு வார்த்தை பேச உனக்கு நேரமில்லை. பேசினாலும் அம்மாவிடம் கொடுங்கள் என்கிறாய்.

ஏறுவதற்கு முன் லீவரை அமுக்கிப் பார். தினமும் பார்.

தைப்பூசத்துக்கு வந்து மோட்டாரை எடுத்துப் போனாயே, கிளம்பும்போது வாசலில் நின்று, "பிரேக் மாத்தியாச்சாப்பா?" என்று கேட்டாய். மாத்தியாச்சு என்றேன். மாற்றவில்லை, தம்பி.

முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்தேன். கீழ் போல்ட் இறுகிக் கிடந்தது. விரல் மடங்கவில்லை, ஸ்பானர் இரண்டு தடவை வழுக்கித் தரையில் விழுந்தது. பழைய பேட் நகத்தின் தடிப்புக்குத்தான் இருந்தது. டார்ச் அடித்து நானே என் கண்ணால் பார்த்தேன். நீ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாய். ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருப்பாய். இருபத்திரண்டு வருஷம் அந்த ஆர்எக்ஸ்செட் மோட்டாரில் பாலம் தாண்டிப் பிறைக்கு வேலைக்குப் போனவன் நான், ஒரு நாளும் கடையில் விட்டதில்லை. ஒரு போல்ட்டுக்காக மகனை எழுப்புவதா என்று நினைத்தேன். எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். வாங்கி வைத்த பேட் அலமாரியில் அப்படியே இருந்தது. இப்போது அனுப்பியிருப்பது அதுதான்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் போனில் சொல்லலாம் என்று இருந்தேன். ஒவ்வொரு வாரமும் அப்படியே இருந்தேன்.

கீழ் போல்ட் உனக்கும் வரவில்லை என்றால் மல்லுக்கட்டாதே, கையை வருத்தாதே. கடையில் கொடு. டின்னில் ஐம்பது வெள்ளி வைத்திருக்கிறேன், அம்மாவுக்குத் தெரியாது.

நீ சின்ன வயதிலிருந்து எல்லாவற்றையும் வலது கையால்தான் பிடிப்பாய். போன ஞாயிறு பேசின நேரம் முழுக்க போன் இடது கையில் இருந்தது. தண்ணீரையும் இடது கையால்தான் எடுத்தாய். அம்மா பார்க்கவில்லை.

வரும் ஞாயிறு என்னிடமும் பேசு. வலது கையைக் காட்டு.

அப்பா
ஆயர் ஈத்தாம்