வெள்ளை ஈக்கு மருந்து ஏன் தருவதில்லை: மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு மடல்

வணக்கமுங்க.

இரண்டு மாசமாகக் கடைக்கு வருகிற பாதிப்பேர் இதைத்தான் கேட்கிறீர்கள்: "தென்னைக்கு வெள்ளை ஈ மருந்து எங்கே, போன வருசம் இந்த அலமாரியில்தானே இருந்தது?" சிலர் கோபத்தோடு திரும்பியும் போனீர்கள். பின்னால் நாலு பேர் நிற்கும்போது நின்று விளக்கிச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறோம். மருந்து தீர்ந்துபோகவில்லைங்க. நாங்களாகத்தான் நிறுத்தினோம்.

இந்த ஈ நம்ம ஊர்ப் பூச்சி கிடையாது. நடு அமெரிக்காவில் பெலிஸ் நாட்டில் இருந்து எடுத்ததை வைத்து 2004ல் இதற்குப் பெயர் கொடுத்தார்கள், 2009ல் புளோரிடாவில் தெரிந்தது, 2016ல் பொள்ளாச்சித் தோப்புகளிலும் பாலக்காட்டிலும் ஒரே சமயத்தில் வந்து நின்றது. ஓலையின் அடிப்பக்கம் சுருள் சுருளாக முட்டையிட்டு, சாற்றை உறிஞ்சி, தேன் மாதிரி ஒரு திரவத்தைக் கீழே விடுகிறது. அது கீழ்மட்டையின் மேல் விழுந்து அதில் கரும்பூசணம் படர்கிறது. தோப்பே கரி பூசினது போல ஆகிவிடும், ஊடுபயிராகப் போட்ட வாழையும் தப்பாது. பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் மரம் சாவதில்லை, இதை முதலில் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு ஆராய்ச்சிக்காரர்கள் இங்கேயிருந்து ஓலை பறித்துப் பார்த்தபோது, ஈயோடு சேர்ந்து அதைத் தின்கிற குட்டிக் குளவியும் இருந்தது. என்கார்சியா என்று பெயர். யாரும் வரவழைத்து விட்டதல்ல, தானாகவே வந்து சேர்ந்திருந்தது. கொசுவை விடச் சின்னது, மனுசனைக் கொட்டாது. ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும், உள்ளே வளர்கிற புழு அந்தக் குஞ்சையே தின்றுவிட்டுக் குளவியாக வெளியே வரும்.

இதை நீங்களே பார்க்கலாம். கடையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறோம். ஒரு கீற்றைத் திருப்பிப் பிடித்தால் வெள்ளை மெழுகுக்கு நடுவே சில குஞ்சுகள் வெளிறி இருக்கும், அவை உயிரோடு இருப்பவை. சில கருகருவென்று இருக்கும், அவற்றுக்குள் குளவி வளர்கிறது. கருப்பில் ஊசியால் குத்தினது போல வட்டமாக ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. ஈ வெளியேறின தோலில் வட்டம் இருக்காது, கிழிசல்தான் இருக்கும்.

மருந்து அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். ஈ மெழுகுக்கு அடியில், நாற்பதடி உயரத்தில், ஓலையின் கீழ்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது, பவர் ஸ்பிரேயர் வைத்து எவ்வளவு அடித்தாலும் பாதிக்கு மேல் படாது, அப்புறம் பக்கத்துத் தோப்பிலிருந்து ஈ திரும்ப வரும், குளவி வர நாளாகும். எங்கள் அப்பா தோப்பிலேயே ஒரு கம்பெனிக்காரர் சொன்னதை நம்பி இரண்டு தடவை அடித்தோம். பதினைந்து நாள் பளிச்சென்று இருந்தது. மூன்றாவது மாசம் அடிக்காத பக்கத்துத் தோப்பை விட எங்களுடையதுதான் கருப்பு. அதைப் பார்த்த பிறகு இன்னொருத்தருக்கு அந்த பாட்டிலை எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை. தெளிக்க எட்டாது என்று சிலர் வேரில் மருந்தைக் கட்டி மரத்துக்குள் ஏற்றுகிறார்கள்; இந்தப் பக்கம் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் கள் இறக்குகிற மரம் எத்தனை இருக்கிறது, அதன் வேரில் மருந்து கட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

சரி, வேறென்ன செய்வது? தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வதைத்தான் நாங்களும் சொல்கிறோம். ஐந்தடி நீளம் ஒன்றரையடி அகலத்தில் மஞ்சள் ஷீட், இரண்டு பக்கமும் விளக்கெண்ணெய் தடவி ஆளுயரத்தில் தோப்பில் கட்டுங்கள், ஈ வந்து ஒட்டும். எண்ணெய் காய்ந்தால் மறுபடி தடவ வேண்டும், அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறீர்கள். குட்டை மரமாக இருந்தால் விசையாகத் தண்ணீர் அடியுங்கள். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி ஓலையின் மேல்பக்கம் தெளித்தால் வெயிலில் காய்ந்து செதிலாக உதிரும், கூடவே கருப்பும் வரும். வரப்போரம் கல்வாழை நட்டு வையுங்கள், குளவி அதில் தங்கிப் பெருகும்.

குளவி இல்லாத தோப்புக்கு, கருப்புக் குஞ்சு உள்ள ஓலையைப் பத்து சென்டிமீட்டர் துண்டாக வெட்டித் தருகிறோம், காசு வேண்டாம். பத்து மரத்துக்கு ஒரு துண்டு, ஓலையின் அடியில் ஸ்டேப்லர் அடித்தால் போதும்.

இன்னொன்று. கீற்று விலா எலும்பு மாதிரி உள்நோக்கி வளைந்து, அடிமட்டை மஞ்சளானால் அது ஈ இல்லை, கேரள வேர் வாடல். பூச்சி பரப்புகிற நோய், குணப்படுத்த மருந்தே கிடையாது. மருந்து இருக்கிறது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். புதுசாக நடுகிறவர்கள் காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இந்த நோய்க்காகவே தேர்ந்தெடுத்த கல்பரக்ஷா, கல்பஸ்ரீ நாற்றைக் கேட்டு வாங்குங்கள்.

போன வருசம் வாங்கிய பாட்டில் சீல் உடைக்காமல் இருந்தால் கொண்டு வாருங்கள் அண்ணா, பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பணத்தைத் திருப்பித் தருகிறோம். ஓலை கொண்டு வருகிறவர்கள் பிளாஸ்டிக் கவரில் போடாமல் பேப்பரில் சுற்றிக் கொண்டு வாருங்கள், வேர்த்துப் போனால் உள்ளே இருக்கிற குளவி செத்துவிடும்.