லான் திட்டுத் திட்டாகக் காய்கிறதா? மருந்து வாங்கும் முன் வேரைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஆடி பிறந்ததிலிருந்து நம் நர்சரிக்கு வருகிறவர்களில் பலர் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "தண்ணீர் விட்டுக்கொண்டேதான் இருக்கிறோம், லான் மட்டும் திட்டுத் திட்டாகக் காய்கிறது." கோவையில் ஆடிக் காற்று ஈரத்தைச் சீக்கிரம் உலர்த்திவிடும் என்பது சரிதான். ஆனால் காற்றில் வாடிய புல் இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீர் கொடுத்தால் தேறிவிடும். தேறவில்லை என்றால் யூரியாவைத் தேடாதீர்கள், வேரைப் பாருங்கள். மண்ணுக்குள் இருந்துகொண்டு புல்லின் வேரைத் தின்னும் வேர்ப்புழு காரணமாக இருக்கலாம்.

காய்ந்த திட்டின் நடுவில் வேண்டாம். பச்சையும் மஞ்சளும் சேரும் ஓரத்தில் புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுங்கள். வேர்ப்புழு தின்ற இடமென்றால் பிடிமானமே இல்லாமல் பாயைச் சுருட்டுவது போலக் கையோடு வந்துவிடும். அடியில் இரண்டு மூன்று அங்குல மண்ணைக் கிளறுங்கள். புழுவுக்குப் பால் வெள்ளை உடம்பு, செம்பழுப்புத் தலை, மூன்று ஜோடிக் கால். தொட்டதும் அரைவட்டமாகச் சுருண்டுகொள்ளும். தின்ற மண் வால் பக்கத்துத் தோல் வழியே கருப்பாகத் தெரியும். காகமும் மைனாவும் தினமும் ஒரே இடத்தைக் கொத்திக் கிளறுவதும் ஓர் அடையாளம்தான்.

ஒன்றிரண்டு புழு எல்லா மண்ணிலும் இருக்கும், நன்றாக வேரோடிய புல் அதைத் தாங்கும். நாலைந்து இடத்தில் ஒரு சதுர அடி அளவுக்குப் பார்த்து எண்ணுங்கள். ஐந்துக்குக் குறைவாக இருந்தால் மருந்தே வேண்டாம் என்றுதான் சொல்வோம். பத்தை நெருங்கினால் காத்திருக்க வேண்டாம்.

கோடை மழை விழுந்ததும் மண்ணுக்குள் இருந்த வண்டுகள் பொழுது சாயும் நேரத்தில் வெளியே வந்து, இரவெல்லாம் வேப்ப இலையையும் முருங்கை இலையையும் தின்றுவிட்டு, விடியும் முன் மண்ணுக்குள் இறங்கி முட்டையிடுகின்றன. அதில் பொரித்த குஞ்சுப் புழுக்கள்தான் இப்போது உங்கள் லானில் இருப்பவை. இன்னும் ஒரு மாதம் போனால் புழு பருத்து, தின்பதும் பல மடங்கு ஆகிவிடும். அதற்குப் பிறகு எந்த மருந்தும் இவ்வளவு சுலபமாகக் கேட்காது. இந்த மடலை இப்போதே எழுதுவது அதனால்தான்.

வீட்டு லானுக்கு நாங்கள் முதலில் சொல்வது பூச்சிகளைக் கொல்லும் நூற்புழு. வேரில் முடிச்சுப் போடுகிற நூற்புழு வேறு, இது வேறு. செடியை இது தொடாது. கண்ணுக்குத் தெரியாத இந்த உயிர் புழுவின் உடம்புக்குள் புகுந்து, தன்னோடு சுமந்து வரும் பாக்டீரியாவை அங்கே விட்டுக் கொல்கிறது. இதில் ஹெட்டெரோராப்டைட்டிஸ் இண்டிகா என்ற இனம் நம் கோவையிலேயே கண்டெடுக்கப்பட்டு 1992இல் பெயர் சூட்டப்பட்டது. நம் ஊர் வெயிலுக்குப் பழகியது என்பதால் எங்களுக்கு இதன்மேல் தனி நம்பிக்கை.

ஆனால் இது உயிருள்ள மருந்து. வாங்கியதை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தாலே செத்துவிடும். சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு லானை நன்றாக நனைத்து, பூவாளியில் கரைத்து ஊற்றி, மறுபடி கொஞ்சம் தண்ணீர் விட்டு மண்ணுக்குள் இறக்குங்கள். அப்புறம் இரண்டு வாரம் மண் ஈரம் காயக் கூடாது. வேறு பூச்சி மருந்தோ பூஞ்சண மருந்தோ அதோடு கலக்க வேண்டாம். பத்து நாள் கழித்து ஓர் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளையாக இருந்த புழு செங்கல் நிறமாகித் தளர்ந்து கிடந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது.

புழுவைத் தாக்கிக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சணமும் நல்லதே. மக்கிய தொழு உரத்தில் கலந்து தூவலாம், பலன் தெரியச் சில வாரம் ஆகும்.

சிலர் இன்னமும் ஃபோரேட் என்ற பூச்சிக்கொல்லிக் குருணை கேட்கிறார்கள். 2020 டிசம்பர் 31 முதல் அது இந்தியாவில் தடை செய்யப்பட்ட மருந்து. குழந்தைகள் உருண்டு விளையாடுகிற, நாய் படுத்துக் கிடக்கிற புல்லில் அந்த நஞ்சு வேண்டவே வேண்டாம். எங்கள் கடையில் அது கிடைக்காது.

மக்காத சாணத்தை லானில் கொட்டுவதையும் நிறுத்துங்கள், வண்டு முட்டையிட அதைத்தான் தேடி வரும். எருக்குழியில் கட்டைவிரல் தடிமனுக்குப் பெரிய புழு கிடந்தால் பெரும்பாலும் அது காண்டாமிருக வண்டின் புழு. அது மக்கும் எருவைத் தின்பது, உங்கள் புல் காய்வதற்கு அது காரணமில்லை.

புழு ஒழிந்த பிறகு, தூக்கிக்கொண்டு நிற்கும் புல்லைச் செம்மண்ணும் மக்கிய உரமும் போட்டு அமுக்கிவிடுங்கள். வேர் பிடிக்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தண்ணீர் விடுங்கள், ஒட்ட வெட்டாதீர்கள். அடியோடு செத்த இடத்துக்கு மட்டும் மண்ணோடு வெட்டிய புதுப் புல் பத்தை வாங்கினால் போதும்.

சந்தேகம் இருந்தால் இரண்டு மூன்று புழுவைக் கொஞ்சம் மண்ணோடு ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டு வாருங்கள், காய்ந்த புல் ஒரு கைப்பிடியும் வேரோடு எடுத்து வாருங்கள். பார்த்துச் சொல்ல நாங்கள் காசு வாங்குவதில்லை.

அன்புடன்,
உங்கள் நர்சரிக் குடும்பத்தார்
கோவை