அப்பாவின் கணக்கு

அன்பு மகளுக்கு,

நீ முதல் 200 கிலோமீட்டர் பிரெவேக்கு, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கு, பெயர் கொடுத்திருப்பதாகத் தம்பி சொன்னான். அப்பா எப்படி ஓட்டுவார் என்று அவனிடம் கேட்டாயாமே? அவன் சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்? நான் சொல்கிறேன்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சிலர், "மனுஷன் சைக்கிள் சைக்கிள் என்றே அலைந்தார், வீடு தங்கினாரா?" என்று பேசியது உன் காதிலும் விழுந்திருக்கும். அன்றைக்குப் பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. இப்போது உனக்குச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு ஜெயிக்க வேண்டும். எதிலும். மாடிப்படி ஏறும்போதுகூட யார் முதலில் என்று பார்ப்பார். செஸ்ஸில் உனக்கோ தம்பிக்கோ ஒரு காய்கூட விட்டுக்கொடுத்தது கிடையாது. "குழந்தைதானே, விடுங்களேன்" என்றால் கோபம் வரும். விட்டுக்கொடுப்பது குழந்தையை மதிக்காத செயல் என்பார். நீ முதன்முதலில் அவரை மேட் செய்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? நீ தூங்கப் போன பிறகு ஒவ்வொருவராகப் போன் போட்டு, தான் தோற்றதை ஆட்டத்தின் கடைசி நகர்த்தல் வரை சொல்லிக்கொண்டிருந்தார். தோற்றுவிட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவர் போய்ச் சேர்ந்தது போட்டியே இல்லாத ஒரு விளையாட்டில். பிரெவேயில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. அதற்குள் முடித்தால் எல்லாரும் ஒன்றுதான். ரொம்ப வேகமாகப் போனாலும் பயனில்லை. 200ஐ 5 மணி 53 நிமிடத்துக்கு முன்னால் முடிக்க விதி விடாது. ஆக, அவர் போட்டி போட்டது கடிகாரத்தோடு.

அவர் சைக்கிளின் மேல் கம்பியில் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருக்கும், பார்த்திருப்பாய். நனையாமல் இருக்க மேலே செலோ டேப். வழியில் நின்று அட்டையில் முத்திரை வாங்க வேண்டிய இடம்தான் கன்ட்ரோல். அப்படி ஒவ்வொரு கன்ட்ரோலின் பெயர், அது மூடும் நேரம், பக்கத்தில் சிவப்பு மையில் அவர் அங்கே போய்ச் சேர நினைத்த நேரம். கடைசி கன்ட்ரோலுக்குக் கீழே இன்னொரு வரி: "வீடு", அதற்கும் ஒரு நேரம். அந்த நேரம் தப்பினால் கேட்டிலேயே நின்று காரணம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார். வீடு தங்காத மனுஷன் இப்படி எழுதி வைப்பாரா, சொல்.

ஒருமுறை நாம் வழியில் நின்று அவருக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினோம். நீதான் பிடித்திருந்தாய். வண்டியை நிறுத்தாமல், "கன்ட்ரோல்ல கொடு கண்ணு!" என்று கத்திவிட்டுப் போனார். நீ அழுதுவிட்டாய். விதி அப்படி. சொந்த மனிதர்கள் உதவி செய்வதெல்லாம் கன்ட்ரோலில்தான், நடுவழியில் கூடாது. யாரும் பார்க்காத அந்தச் சாலையிலும் அவர் விதியை மீறவில்லை. கன்ட்ரோலில் அட்டைக்கு முத்திரை வாங்கியதும் நேராக உன்னிடம் வந்து, பாட்டிலை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். அதற்குள் உன் அழுகையும் போய்விட்டது.

ஒரு 600இல், ராத்திரி மழையில் கூட ஓட்டிய பையன் விழுந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. அவன் வீட்டார் வரும்வரை அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த கன்ட்ரோல் மூடிவிட்டது, அந்த 600 கணக்கில் சேரவில்லை. பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டு வந்தார் என்று நினைக்காதே. முகம் தொங்கிப்போய்த்தான் வந்தார், சரியாகப் பேசவே சில நாள் ஆயிற்று. ஆனால் அந்தப் பையனுக்குத் தினமும் போன் போனது. தோற்றது வலிக்கத்தான் செய்தது. வலிக்கும் என்று தெரிந்தேதான் அங்கே உட்கார்ந்திருந்தார்.

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் கதையைத் தூங்கும்போது உனக்குச் சொல்வாரே, பிரான்ஸில் பாரிஸ் பக்கமிருந்து பிரெஸ்ட் என்ற ஊர் வரை சைக்கிளில் போய்த் திரும்புவது. 1891இல் தொடங்கியது, முதலில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை நடந்த பந்தயம். 1901இல் அதை ஜெயித்த மோரிஸ் காரேன்தான் 1903இல் முதல் டூர் டி ஃபிரான்ஸையும் ஜெயித்தவர். இப்போது அது நான்கு வருஷத்துக்கு ஒருமுறை, ஆகஸ்டில்: 1200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். அந்த வருஷத்திலேயே 200, 300, 400, 600 நான்கையும் முடித்தவர்களுக்குத்தான் இடம். 2011இல் அப்பா நான்கையும் முடித்துவிட்டார். ஆனால் தம்பி பிறக்க வேண்டியதும் அந்த ஆகஸ்டில்தான். நானே போகச் சொன்னேன். "பிரெஸ்ட் எங்கேயும் போயிடாது" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறம் அதைச் சொல்லிக்காட்டியதே இல்லை. அடுத்தது 2015 என்று மட்டும் காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி வைத்தார்.

2015இல் போனார், முடித்தார். நேரம் எவ்வளவு மிச்சம் என்பதைத்தான் முதலில் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. வில்லேன் லா ஜுவெல் என்ற ஊரில் ஊரே திரண்டு நின்று கைதட்டுமாம். உணவுத் தட்டைக் குழந்தைகளே மேஜை வரை தூக்கி வருவார்களாம். அவர் தட்டைத் தூக்கி வந்த பெண் உன் உயரமாம். சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெளியே வந்து நமக்குப் போன் போட்டார். உன் கணக்குப் பரீட்சை எப்படி என்று கேட்டாரே, அது அங்கேயிருந்துதான்.

அப்பா துணிந்தவர்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எதிலும் குதித்தவர் இல்லை. ஹெல்மெட் இல்லாமல் தெருமுனை வரைகூடப் போக மாட்டார். முன்விளக்குக்கு ஒரு மாற்று விளக்கு, அதற்கும் தனி பேட்டரி. தெரியாத இடத்துக்குப் போகிற ஆசை எவ்வளவோ, திரும்பி வருவதற்கான ஏற்பாடும் அவ்வளவு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய ரிஃப்ளெக்டர் வெஸ்ட் உனக்குத் தொளதொளவென்று இருக்கும். இடுப்பில் பிடித்துத் தைத்து அனுப்புகிறேன். விளக்குகள் பழசாகிவிட்டன, அவற்றை நம்பாதே, புதிதாக வாங்கிக்கொள். சைக்கிளின் உயரத்தைத் தெரிந்த ஆளிடம் காட்டிச் சரிசெய், முட்டி முக்கியம். கன்ட்ரோல் நேரங்கள் வந்ததும் எனக்கு அனுப்பு, நீ வீடு சேரும் நேரத்தையும் சேர்த்து.

அன்புடன்,
அம்மா