ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்துங்கள்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளின் பணியாளர்களுக்குப் பயிற்சி திட்டமிடுபவர்களுக்கும், அவர்களை மேற்பார்வையிடும் அலுவலர்களுக்கும்,

வணக்கம். அப்படி ஓர் அலகில் சமூகப் பணியாளராக இருந்தவள் நான். எந்த மாவட்டம் என்பது வேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்ததும் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையின் வீட்டு நிலையை விசாரித்துப் படிவம் 22இல் 15 நாளுக்குள் எழுத வேண்டிய சமூக விசாரணை அறிக்கை. குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு, குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று சட்டத்தின் 3ஆம் பிரிவே சொல்கிறது. அதையும் படித்துக் காட்டினார்கள். சரி. ஒரு வீட்டு வாசலில் நின்று முதல் வார்த்தையாக என்ன பேசுவது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

பேருந்து நிலையத்தில் இரவில் தனியாக இருந்த பத்து வயதுப் பையன். யாரோ குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்ல, இப்படிப்பட்ட பிள்ளைகளை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுவந்தார்கள். விசாரிக்கப் போன நான், அவன் வீட்டு வாசலிலேயே ஜீப்பிலிருந்து இறங்கினேன். தெருவே கூடிவிட்டது. அவன் அம்மாவிடம் முதலில் ரேஷன் கார்டைக் கேட்டேன். அடுத்து, எல்லார் காதிலும் விழ, "வீட்டுக்காரர் குடிப்பாரா?" அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டார். "தாய் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். பையன் அரையாண்டுப் பரீட்சையை இல்லத்திலிருந்துதான் எழுதினான்.

என் மேலதிகாரி அந்த அறிக்கையில் தேதியும் கையெழுத்தும் சரியா என்று பார்த்தார். "ஏன் ஒத்துழைக்கவில்லை?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

அப்புறம் எங்கள் அலகில் மூத்த அக்கா ஒருவர் அதே வீட்டுக்குப் போனார். பஸ்ஸில் போய், நடந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டு, திண்ணையில் உட்கார்ந்தார். கணவர் விட்டுப்போய் இரண்டு வருடம். அம்மாவுக்கு மில்லில் நைட் ஷிஃப்ட். இருட்டுக்குப் பயந்த பையன் வெளிச்சம் இருக்கும் இடம் தேடிப் போயிருக்கிறான், அவ்வளவுதான். இரண்டு தெரு தள்ளிச் சித்தி வீடு. ராத்திரி அங்கே படுக்கட்டும் என்று பேசி முடித்து, மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார்.

எல்லாக் குழந்தையையும் வீட்டுக்கே அனுப்புங்கள் என்று சொல்ல வரவில்லை. அனுப்பவே கூடாத வீடுகளையும் பார்த்திருக்கிறேன். எது எந்த வீடு என்று சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்து கண்டுபிடிக்க முடியாது.

புதிதாக வருபவரைத் தனியாக அனுப்புவதற்கு முன் பத்து வீடுகளுக்காவது மூத்தவர் ஒருவரோடு அனுப்புங்கள். பிள்ளையைத் திரும்பப் பெற்ற பெற்றோர் யாராவது சம்மதித்தால், பயிற்சி வகுப்பில் அரை நாள் அவர்கள் பேசட்டும். அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். மேற்பார்வை என்பது நிலுவைக் கோப்பு எண்ணுவதோடு நிற்க வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம், ஒரே ஒரு குடும்பத்தைப் பற்றி உட்கார்ந்து பேசுங்கள். பார்த்துவிட்டு வந்ததை யாரிடமும் சொல்ல முடியாமல் தூக்கம் கெட்ட பணியாளருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் இடம். நீங்களும் மாதம் ஒரு வீட்டுக்குப் பணியாளரோடு போய்ப் பாருங்கள்.

அந்த அக்கா இப்போது வேலையில் இல்லை. தொகுப்பூதியம் கட்டுப்படியாகவில்லை என்று விட்டுவிட்டார். அடுத்த பயிற்சிக்குக் கூப்பிட்டால் வருவார்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் சமூகப் பணியாளர்