வெறும் பக்கம் மேலே

கோவில்பட்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க எல்லாரும் நலம். மாடியில ஒழுகின இடத்தைப் பூசியாச்சு. அப்பாவுக்குச் சுகர் பரவாயில்ல. வேற சேதி ஒண்ணும் இல்ல.

நேத்தும் போன்ல "நல்லா இருக்கேன்மா, வச்சிடட்டா"ன்னு முடிச்சிட்ட. வளைகாப்பு முடிஞ்ச நாள்ல இருந்து மூணு வாரமா இப்படித்தான். என்னன்னு கேட்டா "ஒண்ணும் இல்ல". சரி, கேட்கல.

மாத்திரை போடுறியா? இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒண்ணா முழுங்காதே. சேர்ந்து போனா இரும்பு உடம்புல ஒட்டாது, ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேணும். கால்சியத்தைக் காலையிலயும் மத்தியானமும் சாப்பாட்டோட போடு, இரும்பை ராத்திரிக்கு வச்சுக்கோ. மாத்திரைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு மணி நேரம் காபி, டீ வேண்டாம். எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ இருந்தா நல்லது. மலம் கறுப்பாப் போகும், அது மாத்திரையோட நிறம். இரும்பு மாத்திரை போட்டா பிள்ளை கறுத்துப் பிறக்கும்னு அங்க யாராவது சொல்லியிருப்பாங்க. பிள்ளையோட நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்ல, குங்குமப்பூவுக்கும் இல்ல. குங்குமப்பூ பாலை ஆசையா நீட்டினா குடிச்சிடு, பால் நல்லதுதானே. மாத்திரையை நிறுத்தச் சொன்னா மட்டும் கேட்காதே. பிரசவத்துல அரை லிட்டர் வரைக்கும் ரத்தம் போகும், அதைத் தாங்க இப்பவே சேர்த்து வைக்கணும்.

கையைத் தூக்கித் துணி காயப்போட்டா பிள்ளை கழுத்துல தொப்புள்கொடி சுத்திக்கும்பாங்க. பிள்ளை உள்ள தானா உருண்டு பிரண்டுதான் கொடி சுத்துது. நாலு பிரசவத்துக்கு ஒண்ணுல கழுத்தைச் சுத்தித்தான் இருக்கும், தலை வெளிய வந்ததும் நர்ஸ் விரலால எடுத்து விட்டுடுவாங்க. நீ கையைத் தூக்கினது காரணம் இல்ல.

இனி வயிறு. "ஒன்பது மாசத்துக்கு வயிறே தெரியலையே", "கூம்பா இருக்கு, பையன்தான்", "கீழ இறங்கிடுச்சே, இப்பவே வலி வந்துடும்". இது எதையுமே கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. உயரமா இருக்குறவளுக்கு வயிறு உள்ளடங்கி இருக்கும். முதல் பிள்ளைன்னா வயித்துச் சதை இறுக்கமா இருக்கும், முன்னால தள்ளாது. பிள்ளை குறுக்க கிடந்தா அகலமாத் தெரியும். கர்ப்பப்பை 36 வாரத்துல நெஞ்சுக்குழி வரைக்கும் ஏறும். அப்புறம் தலை இடுப்பெலும்புக்குள்ள இறங்கினதும் மேல்வயிறு தளரும், மூச்சு லேசா விடலாம், வயிறு சின்னதான மாதிரி இருக்கும். அதைப் பார்த்து "பிள்ளை இளைச்சிடுச்சு"ன்னு சொல்றவங்களுக்கு விவரம் போதாது.

அளவுன்னா டேப்தான். மூத்திரம் போயிட்டு வந்து மல்லாக்கப் படுக்க வைக்கணும். கர்ப்பப்பையோட உச்சியை உள்ளங்கை ஓரத்தால தடவிக் கண்டுபிடிக்கணும். அங்க இருந்து கீழ முன் இடுப்பெலும்போட மேல்விளிம்பு வரைக்கும் டேப்பை ஒட்டிப் பிடிக்கணும். எண் போட்ட பக்கம் வயித்தைப் பார்த்து, வெறும் பக்கம் மேல. விரல் நின்ன இடத்தை விடாம அப்படியே திருப்பிப் படிக்கணும். எண் மேல தெரிஞ்சா நம்ம மனசுல இருக்குற எண்ணுக்குத்தான் கை போய் நிக்கும், நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதுசுல எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. 24 வாரத்துக்கு மேல எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர், ரெண்டு கூடலாம், ரெண்டு குறையலாம். அதுக்கு மேல வித்தியாசம் வந்தா ஸ்கேன். ஸ்கேன்ல வர்ற எடையும் கணக்குப் போட்டு வர்றதுதான், பிறந்ததும் தராசுல போட்டா பத்துப் பதினஞ்சு சதவீதம் மாறலாம்.

யாராவது கேட்டா, "டாக்டர் அளந்து பார்த்தாங்க, வாரத்துக்குச் சரியா இருக்குன்னாங்க" - அவ்வளவுதான். எண்ணைச் சொல்லாதே. ரெண்டரை கிலோன்னு நீ சொன்னா, யாரோ மருமகளுக்கு மூணரைன்னு அடுத்த பேச்சு வரும். திரும்பக் கேட்டாங்கன்னா ஒரு வார்த்தை மாத்தாம அதையே திரும்பச் சொல்லு. விளக்கம் கொடுத்தா அதுல இருந்து இன்னொரு கேள்வி முளைக்கும். மூணாவது தடவைக்கு எழுந்து போயிடு.

உங்க அத்தைகிட்ட நீயாப் பேச வேண்டாம், மாப்பிள்ளை பேசட்டும். அவர் "அம்மா, அவகிட்ட வயிறைப் பத்திக் கேட்காதீங்க, என்கிட்ட கேளுங்க"ன்னு ஒரு தடவை சொன்னாப் போதும். அடுத்த செக்கப்புக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போ. பிள்ளையோட இதயத்துடிப்பைக் காதால கேட்கட்டும், நிமிஷத்துக்கு 110ல இருந்து 160க்குள்ள ஓடும். தலை கீழ இருக்கா, பிள்ளையைச் சுத்தி இருக்குற தண்ணி போதுமான்னு அவங்க முன்னாடியே டாக்டர்கிட்ட கேளு. பயத்துலதான் பாதிப் பேர் பேசுறாங்க. காதால கேட்டுட்டாப் பேச்சு குறையும், நான் நிறைய வீட்டுல பார்த்திருக்கேன்.

ஒரு பேச்சை மட்டும் காதுல வாங்கவே கூடாது. "கடைசி மாசம் இடம் இருக்காது, பிள்ளை அசையாது." தப்பு, பெரிய தப்பு. உதைக்கிறது குறைஞ்சு உருள்றது கூடலாம், ஆனா அசைவு குறையக் கூடாது. ராத்திரி சாப்பிட்டதும் இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு, மணி பார்த்துக்கோ. உதை, உருளல், தள்ளல் ஒவ்வொண்ணையும் எண்ணு, விக்கலை எண்ணாதே. ரெண்டு மணி நேரத்துல பத்து வரணும். வரலைன்னா நடுராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போ. விடியட்டும், ராகுகாலம் போகட்டும்னு சொன்னா நிக்காதே. தண்ணி மாதிரி கசிஞ்சாலும், ரத்தம் பட்டாலும், தலைவலி விடாம இருந்து கண் மங்கினாலும், முகமும் கையும் திடீர்னு வீங்கினாலும் அப்படித்தான். வண்டி இல்லைன்னா 108.

விளக்கெண்ணெய் குடிச்சா வலி வரும்பாங்க. குடிச்சா வயித்தாலதான் போகும், உடம்பு வறண்டு சோர்ந்து போய்ப் பிரசவ அறைக்குள்ள போவ. வேண்டவே வேண்டாம்.

ஆபரேஷன் ஆச்சுன்னா "குனிஞ்சு நிமிர்ந்து வேலை பார்த்திருக்கணும்"னு ஒருத்தர் கண்டிப்பாச் சொல்வாங்க. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 44.9 சதவீதப் பிரசவம் ஆபரேஷன். இத்தனை பேரும் சோம்பேறிங்களா? தலை திரும்பியிருக்குற விதம், துடிப்பு, பிரஷர், இதெல்லாம் உன் கையில இல்ல.

இதையெல்லாம் உனக்கு எதுக்கு எழுதுறேன். நீ படிச்ச பொண்ணு, என்னைவிட நிதானம், இது உனக்குத் தெரியாதா. ஆனா ஒரு வார்த்தை எனக்குச் சொல்லலாமே. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரலைன்னு போன்லயே முடிச்சிட்டியே.

பாப்பா, உங்க அத்தை உன்னை ஒண்ணும் சொல்லல. எனக்குத் தெரியும். வளைகாப்பு அன்னைக்கு, நலங்கு வச்சு முடிச்சு, நீ ரெண்டு கை நிறைய வளையலோட மணையில இருந்து எழுந்திருக்கும்போது, சபையில அத்தனை பேர் முன்னாடி "என்னடி, 33 வாரத்துக்கு இதான் வயிறா, ஒழுங்காச் சாப்பிடுறியா இல்லையா"ன்னு கேட்டது நான். நர்ஸே சொல்லிட்டாங்கன்னு மத்தவங்களும் சொன்னாங்க. உன் முகம் மாறினதைப் பார்த்தேன். பார்த்துட்டுப் பந்தி பரிமாறப் போயிட்டேன். முப்பது வருஷம் ஊர்ப் பொண்ணுங்களை எல்லாம் வெறும் பக்கம் மேல வச்சு அளந்தவ, உன்னைக் கண்ணால அளந்தேன். தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும்.

தூக்கம் இருக்கா? ரெண்டு வாரத்துக்கு மேல அழுகை வந்துட்டே இருந்தா, எதுலயும் மனசு ஒட்டலைன்னா, பிரஷரைச் சொல்ற மாதிரி அதையும் டாக்டர்கிட்ட சொல்லு. யார்கிட்டயும் சொல்ல முடியலைன்னா அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416க்குப் போன் போடு, தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. என்கிட்ட சொல்லணும்னு இல்ல.

அசைவை எண்ணி எனக்கு அனுப்ப வேண்டாம், உன் நோட்டுல எழுதி வை. இந்த நேரத்துல ஆறு மணி நேரம் பஸ்ல நீ வரவும் வேண்டாம். எனக்கு வருத்தம் இல்லைன்னு சொன்னா அது பொய், ஆனா நீ அங்கயே இருக்குறதுதான் சரி. கூப்பிட்டா நான் வர்றேன். அடுப்படி வேலையைப் பார்த்துக்குறேன். வயித்தைப் பத்தி வாய் திறக்க மாட்டேன்.

இடது பக்கமாப் படு.

அம்மா